‘ஓட ஓடப் பழகிடும்’னு இனிமேல் யாரும் சொல்லாதீங்க

ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்ததை இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன். என் பிக்கப்பின் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. பிரச்சினை அவ்வளவுதான். எப்படியும் மாற்றத்தான் போகிறோம், கொஞ்சம் நல்லதாகவே போடலாமே என்று நினைத்து ஒரு பட்டறைக்குப் போனேன். வெளியே வந்தபோது அது என் வண்டியாகவே இல்லை. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டினால் மண்டைக்குள் வண்டு குடைகிற மாதிரி ஒரு ரீங்காரம். திரும்பப் போய்ச் சொன்னதற்கு அந்தப் பட்டறைக்காரர் சொன்ன பதில்தான் தலைப்பில் இருக்கிறது.

எது பழகும்? பல்வலி பழகுமா?

எக்ஸாஸ்ட் விற்கிற எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். வண்டியை நிறுத்தி வைத்து, நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிக் காட்டுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. எனக்கும் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. ஆனால் நியூட்ரலில் முறுக்கிக்கொண்டே யார் ஊருக்குப் போகிறார்கள்? என் வண்டி வாழ்நாளின் பெரும்பகுதியை 2000 ஆர்.பி.எம். பக்கத்தில், ஒரே சீரான வேகத்தில்தான் கழிக்கிறது. அந்த இடத்தில் எப்படி இருக்கும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

இது ராசி சம்பந்தப்பட்ட விஷயமில்லை, கணக்கு. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். அப்படியானால் சுற்றுக்கு மூன்று வெடிப்பு. நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் விநாடிக்கு 100 வெடிப்பு. அதாவது 100 ஹெர்ட்ஸ். கண்ணாடி ஏற்றிய கேபினுக்குள் அந்த அடிக்குரல் நிரம்பிக் காதை அழுத்தும். ரேடியோவைக் கூட்டி வைத்தாலும் போகாது, ஏனென்றால் அது காதில் கேட்பதைவிட உடம்பில் உட்காருகிற சத்தம். கம்பெனியில் இருந்து வந்த அந்தக் கனமான, பார்க்கச் சகிக்காத டப்பாவுக்குள் அறை அறையாகத் தடுப்பு வைத்து, கூடவே ஒரு ரெசனேட்டரும் போட்டிருந்ததே, இந்த மாதிரிக் குரலை அடக்கத்தான். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு இவர் மாட்டியது நேர்க்குழாய் சைலன்சர். உள்ளே ஓட்டை போட்ட ஒரு குழாய், சுற்றிலும் கண்ணாடி நார். அது கீச்சுக் குரலை நன்றாக உறிஞ்சும். அடிக்குரலை அப்படியே விட்டுவிடும். தினமும் இதே வேலை செய்கிறவருக்கு இது தெரியாதா? தெரியும். சொன்னால் விற்காது.

அடுத்தது பவர். “இருபது குதிரைத்திறன் கூடும் சார்” என்றார். புகையைச் சுத்தப்படுத்துகிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கிற குழாயை மட்டும் மாற்றி, டர்போ இல்லாத, கம்பெனி ட்யூனிலேயே ஓடுகிற இன்ஜினில் இருபது கூடுமா? ஒற்றை இலக்கத்தில் ஏதாவது கிடைத்தாலே பெரிது. அதுவும் ஆர்.பி.எம். உச்சத்தில், லோடு வண்டிக்காரன் எட்டிக்கூடப் பார்க்காத இடத்தில். முன்னால் எல்லா சிலிண்டரின் புகையையும் ஒன்றாகச் சேர்க்கிற மேனிஃபோல்டு அதேதான், கன்வெர்ட்டர் அதேதான், காற்று உள்ளே வருகிற வழியும் அதேதான். கடைசிக் கதவை மட்டும் அகலமாக்கிவிட்டால் வீட்டுக்குள் கூட்டம் வேகமாக நகர்ந்துவிடுமா?

அதுவும் எவ்வளவு அகலம்! பழைய குழாய் 2.5 இன்ச். இவர் போட்டது 3.5 இன்ச். ஒரே ஒரு இன்ச்தானே என்று தோன்றும். குறுக்குப் பரப்பைக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே புகை இரண்டு மடங்கு இடத்தில் போனால் வேகம் பாதியாகிவிடும். புகை ஓடுகிற வேகத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு வெடிப்பின் புகை விருட்டென்று வெளியேறும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைந்து, அடுத்த புகையை இழுத்துக்கொண்டு போகும். இதன் பலன் அதிகம் கிடைப்பது மேனிஃபோல்டு பக்கத்தில்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பின்னால் இவ்வளவு பெரிய குழாயால் லோடு வண்டிக்கு என்ன லாபம்? பிக்கப் சுமை இழுக்கிற வண்டி. எனக்கு வேண்டியது குறைந்த ஆர்.பி.எம்.மில் இழுவை. குழாய் மாற்றிய பிறகு, லோடோடு மேடு ஏறும்போது முன்பு மூன்றாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது கேட்கிறது. இதைச் சொன்னால் உடனே “பேக் பிரஷர் இல்லாமல் போய்விட்டது” என்று இன்னொரு கூட்டம் பாடம் எடுக்க வரும். பின்னழுத்தம் எந்த இன்ஜினுக்கும் நல்லதில்லை ஐயா. வேண்டியது புகையின் வேகம். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

சரி, மாட்டியதையாவது ஒழுங்காக மாட்டினாரா? கிட் வாங்கும்போது வண்டியின் மாடலும் வருடமும் கேட்டார். அவ்வளவுதான். ஒரே மாடல் பிக்கப்பில் சிங்கிள் கேப் உண்டு, டபுள் கேப் உண்டு, லோடு பெட்டின் நீளமும் வேறுபடும். வீல்பேஸ் மாறினால் குழாயின் நீளம் மாறும். வந்தது நீள வண்டிக்கான குழாய். திருப்பி அனுப்புவார் என்று பார்த்தால் கிரைண்டரை எடுத்து அறுத்து, நடுவில் ஒட்டுப்போட்டு வெல்டிங் வைத்தார். மூன்றே மாதம். ஒட்டுப்போட்ட இடத்தில் துரு வளையம். “ஸ்டெயின்லெஸ்னு சொன்னீங்களே” என்றால் “ஸ்டெயின்லெஸ்தான் சார்” என்கிறார். காந்தம் வைத்துப் பார்த்தேன், கப்பென்று ஒட்டியது. அது 409 என்கிற ஸ்டெயின்லெஸ் தரம். அதில் குரோமியம் சுமார் 11 சதவீதம். 304 தரத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும், காந்தம் அவ்வளவாக ஒட்டாது. 409 மோசம் என்று சொல்லவில்லை, வண்டிக் கம்பெனிகளே அதைத்தான் நிறையப் பயன்படுத்துகின்றன. ஆனால் மேலே துரு பூக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? பில்லில் வெறும் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று ஒற்றை வார்த்தை எழுதிக் கொடுத்தால் என்ன அர்த்தம்?

இன்னும் இருக்கிறது. மூன்று மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளும். அதற்கு இடம் விட்டுத்தான் ஹேங்கர், அதாவது குழாயைத் தொங்கவிடுகிற கொக்கி, போட வேண்டும். இவர் குளிர்ந்த வண்டியில் எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டிவிட்டார். பத்து கிலோமீட்டர் ஓடியதும் குழாய் சேஸிஸில் மோதி டங், டங், டங். வண்டியை நிறுத்திவிட்டால் குளிர்ந்து சுருங்கிவிடும், சத்தமும் போய்விடும். பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினால் “ஒண்ணும் இல்லையே சார்” என்பார். எத்தனை முறை!

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது புகை. குழாயைப் பின் பம்பர் வரை கொண்டுபோகாமல், பின் ஆக்ஸிலுக்கு முன்னாலேயே லோடு பெட்டுக்கு அடியில் வெட்டி விட்டிருந்தார். கேட்டால் அதுதான் ஸ்டைலாம். புகை வண்டிக்கு அடியிலேயே சுற்றும். கேபினின் பின் கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து வைத்தால் உள்ளே இழுக்கும். ஒரு நீண்ட பயணத்தில் பின் சீட்டில் இருந்த என் மகள் தலை வலிக்கிறது, வாந்தி வருகிறது என்றாள். சாப்பிட்டது சேரவில்லை என்று நினைத்தேன். வண்டியை நிறுத்தி வெளியே காற்றில் உட்கார வைத்ததும் சரியாகிவிட்டது. மறுபடி ஏறினால் மறுபடியும் வலி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு அவள் தூங்கிப்போயிருந்தால்? இதை எழுதும்போதுகூடக் கை நடுங்குகிறது. ஸ்டைலுக்காக ஒன்றரை மீட்டர் குழாயைக் குறைத்தவருக்கு அது என் பிள்ளை மூச்சு விடுகிற காற்று என்று தோன்றவே இல்லை.

அப்புறம் இன்ஜின் லைட் எரிந்தது. கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தால் பி0420, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்கிற கோடு. பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கிறது. காரணம் கன்வெர்ட்டர் இல்லை. அவர் வேலை செய்தபோது இரண்டு குழாய் சேருகிற முன்பக்க ஃபிளாஞ்சைக் கழற்றிவிட்டு, நடுவில் கசிவைத் தடுக்கிற அதே நசுங்கிய பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருக்கிறார். அந்தக் கசிவில் புகை வெளியே போவது மட்டுமில்லை, இரண்டு வெடிப்புக்கு நடுவில் வெளிக்காற்று உள்ளேயும் புகும். ஆக்சிஜன் சென்சார் அந்தக் காற்றைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று தப்பாகச் சொல்லும். இன்ஜின் இன்னும் ஊற்றும். ஒரு புது கேஸ்கெட்டில் முடிந்திருக்க வேண்டிய விஷயம். அதற்கு இவர் சொன்ன வழி என்ன தெரியுமா? “கன்வெர்ட்டரையே அறுத்து எடுத்துடலாம் சார், வண்டி இன்னும் பறக்கும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு அது. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒரே இடத்தில் அடக்குகிற மாதிரி அதை 1970களில் உருவாக்கிய குழுவில் கார்ல் கீத், ஜான் மூனி என்கிற பொறியாளர்கள் இருந்தார்கள். நகரங்களின் காற்றை மூச்சு விடும்படி ஆக்கிய பொருள். பல நாடுகளில் அதைக் கழற்றுவது குற்றம். அதை ஐந்து நிமிடத்தில் அறுத்து எடுக்கலாம் என்கிறார், வாடிக்கையாளருக்கு நல்லது செய்கிற முகத்தோடு! சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கடைசியில் வயதான வெல்டர் ஒருவர் சரிசெய்து கொடுத்தார். முதலில் என்னோடு உட்கார்ந்து நெடுஞ்சாலையில் இருபது கிலோமீட்டர் வந்தார். ரீங்காரம் எந்த ஆர்.பி.எம்.மில் வருகிறது என்று குறித்துக்கொண்டார். பிறகு 2.5 இன்ச் குழாயையே, வளைவில் நசுங்காமல் உள்ளே மாண்ட்ரல் என்கிற தாங்குதண்டு வைத்து வளைத்ததாகப் பார்த்து, பின் சக்கரத்தைத் தாண்டி பம்பருக்கு வெளியே கொண்டுபோனார். அறைத் தடுப்பு வைத்த சைலன்சர் போட்டார். குழாயின் பக்கவாட்டில் முனை அடைத்த ஒரு கிளைக்குழாயை வெல்டிங் வைத்தார், சுமார் 1.2 மீட்டர் நீளம். சூடான புகையில் ஒலி விநாடிக்கு 480 மீட்டர் வாக்கில் போகும், 100 ஹெர்ட்ஸ் அலையில் கால் பங்கு அந்த நீளம். அலை அதற்குள் போய் முட்டித் திரும்பி வந்து தன்னைத் தானே அடித்துக்கொள்ளும். ரீங்காரம் போயே போய்விட்டது. புது கேஸ்கெட் போட்டார், லைட் அணைந்தது. ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச்சொல்லி கிளாம்ப்பை மறுபடி இறுக்கினார். செய்ய முடியும், பாருங்கள்! தெரிந்தவர் செய்தால் எல்லாம் முடிகிறது. அப்புறம் ஏன் நான் இரண்டு முறை காசு கொடுத்தேன்?

எக்ஸாஸ்ட் விற்கிறவர்களே, அடுத்த முறை என்னைப் போல ஒருவர் வந்தால் நியூட்ரலில் முறுக்கிக் காட்டாதீர்கள். அதே சைலன்சர் போட்ட ஒரு வண்டியில் அவரை ஏற்றி, கண்ணாடியை மூடி, 2000 ஆர்.பி.எம்.மில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். அவருடைய பிள்ளையையும் பின் சீட்டில் உட்கார வையுங்கள். இறங்கிய பிறகு விலையைச் சொல்லுங்கள்.