சேபர்டூத்தை வெறும் அடியாளாகப் பார்க்காதீர்கள்

மார்வெல் காமிக்ஸின் எக்ஸ்-மென் கதைகளில் வரும் வில்லன் சேபர்டூத். அந்தப் பெயரைச் சொன்னதும், "எக்ஸ்-மென் நாயகன் வுல்வரினோட எதிரிதானே" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். படங்களை மட்டும் பார்த்தவர்கள் "அவனோட அண்ணன்" என்பார்கள். அந்த அண்ணன் தம்பி உறவு 2009-இல் வந்த வுல்வரின் படத்தில் சேர்த்தது. காமிக்ஸில் இவன்தான் வுல்வரினின் அப்பா என்றுதான் முதலில் பேச்சு இருந்தது. இவனை உருவாக்கிய கிரிஸ் கிளேர்மான்ட், ஜான் பைர்ன் இருவரின் எண்ணமும் அதுதான். 1991-இல் வந்த வுல்வரின் 41, 42-ஆம் இதழ்களில் ரத்தப் பரிசோதனை செய்து, அப்படி எந்த உறவும் இல்லை என்று முடித்துவைத்தார்கள். நல்ல முடிவு. இவன் கதைக்கு ரத்த உறவு தேவையே இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். விக்டர் க்ரீட் (சேபர்டூத்தின் சொந்தப் பெயர் இதுதான்) பதுங்கி வேட்டையாடுகிறவன். அதை மறக்காமல் எழுதிய கதைகள் இன்றைக்கும் நிற்கின்றன. மறந்துவிட்டு அவனைத் தெருச்சண்டைக்காரன் ஆக்கிய கதைகள், எவ்வளவு ரத்தம் கொட்டினாலும் சப்பென்று போய்விடுகின்றன.

பெயர் கொடுத்த விலங்கிலிருந்து தொடங்கினால் இது புரியும். ஆங்கிலத்தில் சேபர்டூத் என்று சொல்லும் கோரைப்பல் பூனைகளில் எல்லோருக்கும் தெரிந்தது ஸ்மைலோடான். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கக் கண்டங்களில் அழிந்துபோனது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் லா ப்ரியா தார்க்குழிகளில் அதன் எலும்புகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. பெரிய இனத்தின் மேல் கோரைப்பல், வேரையும் சேர்த்தால், 28 செ.மீ. வரை போகும். இவ்வளவு நீளப் பல்லுக்கு ஒரு பலவீனம் உண்டு: பக்கவாட்டில் அழுத்தம் வந்தால் ஒடிந்துவிடும். இரை திமிறிக்கொண்டிருக்கும்போது கடித்தால் பல் போய்விடும். அதனால் முதல் வேலை பல்லுக்கு இல்லை, முன்னங்கால்களுக்கு. பாய்ந்து, கட்டிப்பிடித்து, தரையோடு அழுத்தி, அசையவிடாமல் செய்த பிறகுதான் தொண்டையில் பல் இறங்கும். குட்டை வாலும் கனத்த முன்னுடம்பும் உள்ள அந்த விலங்கு நெடுந்தூரம் துரத்தி ஓடுவதற்கு ஏற்றதல்ல. ஒளிந்திருந்து பாய்வதுதான் அதன் பிழைப்பு.

இதை அப்படியே க்ரீட் மேல் வைத்துப் பாருங்கள். முன்னங்கால் வேலையை இங்கே கைகள் செய்ய வேண்டும். பல ஓவியர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். வுல்வரினின் நகங்கள் புறங்கையில், விரல் கணுக்களுக்கு இடையிலிருந்து வெளியே வருகின்றன. அதனால் அவன் முஷ்டியை மடக்கிக் குத்தினால்தான் நகம் எதிராளியைத் தொடும். குத்துச்சண்டைக்காரனின் உடல்மொழி அவனுக்குப் பொருந்தும். க்ரீட்டின் நகங்களோ விரல் நுனியில் இருக்கின்றன. அவன் முஷ்டியை இறுக்கி மடக்கினால் சொந்த உள்ளங்கையிலேயே நகம் ஏறும். ஆகவே அவன் கை எப்போதும் விரிந்துதான் இருக்க வேண்டும். பிடிப்பது, இழுப்பது, கீறுவது, முகத்தை அப்படியே கவ்வித் தரையில் அழுத்துவது என்று அவன் அசைவுகள் போக வேண்டும். க்ரீட் ஓங்கிக் குத்துவிடுவதுபோல ஒரு கட்டத்தைப் பார்த்தால், வரைந்தவர் அந்தக் கையைப் பற்றி யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

உயரமும் இப்படித்தான். மார்வெலின் பழைய கையேட்டின்படி க்ரீட் 6 அடி 6 அங்குலம், வுல்வரின் 5 அடி 3 அங்குலம். 15 அங்குல வித்தியாசம். இருவரும் நிமிர்ந்து நின்றால் வுல்வரினின் உச்சந்தலை க்ரீட்டின் தோள்பட்டை அளவுக்குத்தான் வரும். மொத்த உயரம் எட்டுத் தலைக்குச் சமமாக இருக்கும்படி க்ரீட்டை வரைகிறீர்கள் என்றால், மேலிருந்து ஒன்றரைத் தலை இறக்கி ஒரு கோடு போடுங்கள். அதற்கு மேலே வுல்வரினின் தலை போகக்கூடாது. இந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுத்தால் இரண்டு சம ஆட்கள் மல்லுக்கட்டுவதுபோல ஆகிவிடும், பயமே வராது. திரையில் ஹியூ ஜாக்மன் ஆறடிக்கு மேல் இருந்ததால் இது பெரும்பாலும் தொலைந்துபோனது. 2000-இல் வந்த முதல் எக்ஸ்-மென் படத்தில் மல்யுத்த வீரர் டைலர் மேனைப் போட்டதால் பருமனாவது கிடைத்தது. ஆனால் அந்தப் படம் அவனுக்குப் பேச்சையும் மூளையையும் கொடுக்கவில்லை. 2009-இல் லீவ் ஷ்ரைபர் வந்தபோது நேர் எதிர்: உருவ வித்தியாசம் குறைவு, ஆனால் இரையை ரசித்துக்கொண்டே நெருங்குகிற அந்தப் பார்வை இருந்தது. படம் சுமார்தான். இருந்தாலும் திரையில் க்ரீட்டின் குணத்துக்கு மிக அருகில் போனவர் அவர்தான் என்பேன்.

அடுத்தது காயம் ஆறுகிற சக்தி. கதை எழுதுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. இரண்டு பேருக்கும் காயம் தானாக ஆறுகிறது என்றால், அவர்கள் இருபது பக்கம் வெட்டிக்கொண்டாலும் படிக்கிறவனுக்குப் பதற்றம் வராது. யாருக்கும் எதுவும் ஆகப்போவதில்லை என்பது தெரியும். இதற்குக் கிளேர்மான்ட் கண்ட வழி இன்றைக்கும் பாடமாக வைக்கத்தக்கது: நடுவில் மூன்றாவதாக ஒருவரை வை, காயம் ஆறாத ஒருவரை.

1986-இல் வந்த 'மியூட்டன்ட் மாசக்கர்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் பாதாளச் சுரங்கங்களில் ஒளிந்து வாழும் மோர்லாக்குகள் என்ற மியூட்டன்ட்களை (பிறவியிலேயே விசேஷ சக்தி உள்ளவர்களை) மரோடர்ஸ் என்ற கும்பல் கொன்று குவிக்கிறது. அந்தக் கும்பலில் ஒருவன் க்ரீட். அன்கேனி எக்ஸ்-மென் 212-ஆம் இதழில்தான் வுல்வரினும் இவனும் பக்கங்களில் முதன்முறை மோதுகிறார்கள். அங்கே வுல்வரினுக்கு முன்னால் இருப்பது க்ரீட் மட்டுமல்ல. மோர்லாக்குகளைக் குணப்படுத்தும் ஹீலரும் அங்கே உயிருக்குப் போராடுகிறார். சண்டையை முடிப்பதா, அவரைக் காப்பாற்றுவதா? பதற்றம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. சுரங்கம் என்ற இடத்தேர்வும் கச்சிதம். இரண்டு பேருமே மோப்பத்தை நம்பி வேட்டையாடுகிறவர்கள். திறந்தவெளியில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதே பாதி வெற்றியைத் தீர்மானித்துவிடும். காற்று யார் பக்கமாக வீசுகிறதோ, அவனை மற்றவனால் முகர முடியாது. காற்றோட்டம் இல்லாத, பிணவாடை நிறைந்த சுரங்கத்தில் அந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

213-ஆம் இதழ் அதைவிட மேல். ஆலன் டேவிஸ் ஓவியம். க்ரீட் எக்ஸ்-மென் அணியை உருவாக்கிய சேவியரின் மாளிகைக்குள்ளேயே புகுந்துவிடுகிறான். உள்ளே இருக்கும் சைலாக் என்ற பெண் அப்போது டெலிபாத் (பிறர் மனதைப் படிப்பவள்) மட்டும்தான்; நிஞ்சா பயிற்சியெல்லாம் வருவதற்கு முந்தைய காலம். அவள் அவனுக்குப் போக்குக்காட்டி நேரத்தை இழுக்கிறாள். வுல்வரின் வந்து மோதும்போது, அந்த மோதல் க்ரீட்டின் கவனத்தைப் பிடித்துவைக்கிறது. அந்த இடைவெளியில் சைலாக் அவன் மனதிலிருந்து மரோடர்களின் ரகசியங்களைப் படிக்கிறாள். சண்டைக்கு ஒரு நோக்கம் இருக்கிறது பாருங்கள். யார் ஜெயிப்பது என்பதைவிட எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பது என்பது முக்கியமாகிறது. சேபர்டூத்தைப் புதிதாகப் படிக்கப் போகிறவர்கள் இந்த இரண்டு இதழ்களிலிருந்து தொடங்கலாம். முதல் தோற்றமான 1977-இன் அயர்ன் ஃபிஸ்ட் 14-ஐ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதில் அவன் கூலிக்கு வேலை செய்யும் ஒரு வில்லன், அவ்வளவுதான். மியூட்டன்ட் உலகத்துக்குள் அவன் வந்து சேர்ந்ததே பின்னால்தான்.

மூன்றாவதாக, 1989-இன் வுல்வரின் 10-ஆம் இதழ். பதுங்குவதற்குப் புதரும் பாறையும் மட்டும்தான் வேண்டும் என்பதில்லை, நாட்காட்டியிலும் பதுங்கலாம் என்று காட்டிய கதை. ஒவ்வோர் ஆண்டும் வுல்வரினின் பிறந்தநாளன்று க்ரீட் தேடி வருவான். எந்த ஊரில் ஒளிந்தாலும் வருவான். வுல்வரின் காதலித்த சில்வர் ஃபாக்ஸ் என்ற பெண்ணின் முடிவும் அன்றைய தோல்வியும் அந்தத் தேதியோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. நகம் வெளியே வருவதற்கு முன்பே பயம் வந்துவிடுகிறது.

1990-களில் நடந்ததைப் பலர் கண்டுகொள்வதில்லை. எனக்கு அது மிக முக்கியமான பகுதி. க்ரீட்டுக்கு பேர்டி என்று ஒரு டெலிபாத் துணை இருந்தாள். அவன் மனதுக்குள் புகுந்து கொலைவெறியைத் தணிக்கிற ஓர் இதத்தைக் கொடுப்பாள். கதையில் அதற்கு 'க்ளோ' என்று பெயர். 1993-இன் தனித்தொடரில் அவள் கொல்லப்படுகிறாள். கொன்றவன் கிரேடன் க்ரீட், உருவம் மாற்றும் மியூட்டன்ட் மிஸ்டிக்குக்கும் விக்டருக்கும் பிறந்து, மியூட்டன்ட்களை வெறுத்து வளர்ந்த மகன். பிறகு க்ரீட்டைத் தன் மாளிகையிலேயே அடைத்துவைத்துத் திருத்தப் பார்க்கிறார் சேவியர். 1995-இல் வுல்வரின் 90-ஆம் இதழில் அங்கேயே மோதல் வெடித்து, வுல்வரினின் நகம் க்ரீட்டின் மூளைக்குள் இறங்குகிறது. அதன்பின் க்ரீட் குழந்தைபோல ஆகிவிட்டதாக எல்லோரும் நினைக்கிறார்கள். இளம்பெண் டாபித்தா பரிவோடு பார்த்துக்கொள்கிறாள். மூளையும் ஆறிவிடும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 1996 தொடக்கத்தில், அன்கேனி 328-இல், அந்தப் பரிவையே வழியாக்கிக்கொண்டு வெளியே வந்து, தடுக்க வந்த சைலாக்கின் வயிற்றைக் கிழித்துப் போடுகிறான். மாதக்கணக்கில் அசையாமல் காத்திருந்து ஒரே பாய்ச்சல். ஸ்மைலோடானின் வேட்டைமுறை அப்படியே இருக்கிறது.

கெடுத்ததையும் சொல்லியாக வேண்டும். 2007-இல் வுல்வரின் 50 முதல் 55 வரை (தொடரை அவ்வப்போது ஒன்றிலிருந்து மறுபடி எண்ணுவார்கள்) ஓடிய கதையில், இவனும் வுல்வரினும் இன்னும் சிலரும் நாய், ஓநாய் வழியில் தனியாகப் பரிணமித்த 'லூபைன்' இனம் என்று ஒரு விளக்கம் புகுத்தினார்கள். பூனையின் பெயரையும் உடலையும் வைத்துக்கொண்டு நிற்கிறவனை ஓநாய்க் கூட்டத்தில் சேர்த்தால் அவனிடம் மிச்சம் என்ன இருக்கும்? ஓநாய் கூட்டமாக, தூரம் ஓடி வேட்டையாடும். க்ரீட் தனியன். 55-இல், காயத்தை ஆறவிடாத முராமசா வாளால் தலையை வெட்டினார்கள். சில ஆண்டுகளில் செத்தது அவனுடைய குளோன், அதாவது நகல், என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். 2014-இன் 'ஆக்சிஸ்' தொடரில் ஒரு மந்திரம் அவனை ஒரே அடியில் நல்லவனாகப் புரட்டிப்போட்டது. சேவியர் முயன்று தோற்றதை மந்திரம் முடித்துவைத்தால், முந்தைய தோல்விக்கு இருந்த கனம் போய்விடுகிறது.

2019-இல் வந்த தண்டனைதான் அவனை மீட்டது. ஹவுஸ் ஆஃப் எக்ஸ் 6-ஆம் இதழில், மியூட்டன்ட்களின் தனி நாடான கிராகோவா தீவின் முதல் சட்டங்கள் வகுக்கப்படுகின்றன. மனிதரைக் கொல்லாதே என்பது அதில் ஒன்று. அதே கூட்டத்தில், கொலை செய்துவிட்டு வந்த க்ரீட்டைத் தீவின் அடியிலுள்ள குழிக்குள், உணர்வோடு, அசைய முடியாமல், காலவரையின்றி அடைக்கிறார்கள். அவனைத் திருட்டு வேலைக்கு அனுப்பியவர்களே நீதிபதிகள். விக்டர் லவால் 2022-இல் எழுதிய தனித்தொடர் அந்தக் குழிக்குள் தொடங்குகிறது. அவர் அவனை நல்லவனாக்கவில்லை, அவன் செய்ததைக் குறைத்துச் சொல்லவும் இல்லை. இவ்வளவு மோசமானவனுக்குக்கூட இந்தத் தண்டனை சரியா என்று மட்டும் கேட்கிறார். அதன்பின் 2024-இல் வுல்வரின் 41 முதல் 50 வரை வந்த போர்த்தொடரில் பல உலகங்களிலிருந்து பல சேபர்டூத்களை இறக்கினார்கள். தனியாக வேட்டையாடுகிறவனைப் படையாக்கியது எனக்கு ஒப்பவில்லை. 213, 10, 328, அப்புறம் லவாலின் தொடர் என்ற வரிசையில் படித்துவிட்டு அதற்குப் போங்கள், நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று தெரியும்.