98 பெட்ரோல் போட்டால் கார் குலுங்குவது நின்றுவிடுமா?

"சிஓஇ (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்த பழைய கார் சிக்னலில் குலுங்கி அணைகிறதா? 98 பெட்ரோல் போடுங்கள், சரியாகிவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

98 என்பது பெட்ரோலின் ஆக்டேன் எண். அதாவது, எஞ்சின் 'நாக்' ஆகாமல் (பெட்ரோல் தவறான நேரத்தில் தானாக எரிந்து தட்டாமல்) தாங்கும் அளவு. சுத்தம் செய்யும் சக்தி அல்ல. உங்கள் காருக்கு எது போதும் என்று கார் கையேட்டிலேயே இருக்கும்.

குலுங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கரி படிந்த த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு), தேய்ந்த ஸ்பார்க் பிளக், பிளக்குக்கு மின்சாரம் தரும் பழுதான காயில், அல்லது விரிசல் விட்ட வேக்குவம் குழாய். அந்த விரிசல் வழியே கணக்கில் வராத காற்று உள்ளே போகும். நின்றிருக்கும்போது குலுங்கும், வேகமெடுத்தால் தெரியாது. அதனால்தான் பலர் பெட்ரோலைச் சந்தேகிக்கிறார்கள்.

பட்டறையில் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பி0300 என்ற பழுதுக் குறியீடு வந்தால் மிஸ்ஃபயர், அதாவது எஞ்சினில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பிஐஇ விரைவுச்சாலையில் அணைந்தால் வம்பு, தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.