ஆடம் சாண்ட்லர் 'அன்கட் ஜெம்ஸ்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கினாரா?

"சிரிப்பு நடிகர் ஆடம் சாண்ட்லர், வாழ்க்கையில் முதன்முறையாகத் தீவிரமான வேடம் ஏற்ற 'அன்கட் ஜெம்ஸ்' படத்துக்கே ஆஸ்கர் வாங்கினார்" என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

2020 ஆஸ்கரில் அந்தப் படத்துக்கு ஒரு பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. சிறந்த நடிகர் விருதை வாங்கியவர் வாக்கீன் ஃபீனிக்ஸ். ஆஸ்கருக்கு முந்தைய நாள், பிப்ரவரி 8 அன்று, சுயாதீனப் படங்களுக்கான ஸ்பிரிட் விருது விழாவில் சாண்ட்லர் சிறந்த நடிகராகத் தேர்வானார். அங்கே அவர் நிகழ்த்திய குறும்பான ஏற்புரையின் காணொளி பரவியதும் குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

'முதன்முறை' என்பது இன்னும் மோசமான பிழை. 2002-லேயே பால் தாமஸ் ஆண்டர்சன் இயக்கத்தில் 'பஞ்ச்-டிரங்க் லவ்' படத்தில், உள்ளே கோபம் கொதிக்கும் தனியனாக நடித்து கோல்டன் குளோப் பரிந்துரை பெற்றார். 2007-இல் 'ரெய்ன் ஓவர் மீ', 2017-இல் 'தி மேயரோவிட்ஸ் ஸ்டோரீஸ்' என்று இடையிடையே அந்தப் பக்கம் போய்வந்தவர்தான்.

சாஃப்டி சகோதரர்கள் இயக்கிய 'அன்கட் ஜெம்ஸ்' 2019-இல் வெளியானது. நியூயார்க் வைரக் கடைத்தெருவில் கடன்காரர்களுக்கும் கூடைப்பந்துப் பந்தயத்துக்கும் நடுவே மூச்சுத் திணறும் ஹோவர்ட் ராட்னர் என்ற வியாபாரியாக அதில் அவர் வருகிறார். ஆஸ்கர் கிடைத்திருக்க வேண்டும் என்று வாதாடலாம், நானும் சேர்ந்துகொள்வேன். ஆனால் கிடைக்கவில்லை.