தேதி பார்த்துக் குடுங்க சாமி!

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். சென்னைப் புறநகர்ல பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணி வடியவே இல்ல. எங்க ஏரியா கல்யாண மண்டபத்துல நிவாரணப் பொருள் பிரிக்கப் போனேன். கொடுக்கற மனசு பெருசுதான், ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பைங்களைப் பிரிச்சுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்!

பாதி காலியான சாம்பார் பொடி டப்பா. ரப்பர் பேண்ட் போட்ட சேமியா. தேதி முடிஞ்சு ஏழு மாசமான ஓட்ஸ் (யாரோ டயட்டைக் கைவிட்டுட்டாங்க போல). தீபாவளிக்கு வந்த சோன்பப்டி மட்டும் பதினாலு டப்பா; ஊரெல்லாம் சுத்திக் கடைசியில வெள்ளம் புகுந்த வீட்டுக்கா போகணும்? கரண்ட் இல்லாம, அடுப்பு முங்கிக் கிடக்கறவங்களுக்கு மூட்டை மூட்டையா பச்சரிசி வேற. அவங்க கேட்டது பிரெட், பால் பவுடர், தண்ணி பாட்டில், நாப்கின், மெழுகுவர்த்தி.

மூணு மணி நேரம் தேதி படிச்சே கண்ணு பூத்துப்போச்சு. அதையும் எறும்பு சைஸ்ல, கவர் மடிப்புக்குள்ள அச்சடிக்கறவன் மட்டும் கையில கிடைச்சான்னா... சரி விடுங்க.

கடைசியா ஒரு அண்ணன் பையை வெச்சிட்டு, "தம்பி, ஒரு போட்டோ எடுப்பா"ன்னார். எடுத்துக் கொடுத்துட்டுத் திறந்தேன். உள்ளே கிழிஞ்ச ஜீன்ஸ்.