படக்கதை நூறு எழுத்து வரைதான் ஓடும்

ஜப்பானிய மொழியில் சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகளை நினைவில் வைக்க, ஒவ்வொன்றையும் ஒரு படமாகக் கற்பனை செய்யச் சொல்கிறது ஒரு கட்டுரை. மலை, ஆறு, மரம் வரை சரி. ஆனால் ஜோயோ எனும் அன்றாடப் பயன்பாட்டுக் காஞ்சிப் பட்டியலில் 2136 எழுத்துகள். அவற்றில் பெரும்பாலானவை படங்களே அல்ல. பொருளைக் காட்டும் ஓர் உறுப்பும் ஒலியைக் காட்டும் ஓர் உறுப்பும் சேர்ந்தவை.

கோயிலைக் குறிக்கும் எழுத்தைப் பாருங்கள். அதன் சீனவழி ஒலி 'ஜி'. இடப்பக்கம் சூரியன் சேர்ந்தால் நேரம், கை சேர்ந்தால் பிடித்தல், இரண்டும் 'ஜி'தான். சொல் உறுப்பு சேர்ந்தால் கவிதை, ஒலி 'ஷி'. இவற்றுக்கு ஒலிக்கென்று தனிக் கதை வேண்டாம், குடும்பமாகப் படித்தால் போதும். நடை உறுப்பு சேரும் காத்திருத்தலோ முரண்டு பிடித்து 'தாய்' என்று ஒலிக்கும். கதையை இங்கே செலவழியுங்கள்: கோயிலுக்கு நடந்து போய் வாசலில் காத்திருக்கும் தாய். தமிழருக்கு இது இலவசம்!

பிடித்தலும் காத்திருத்தலும் பலருக்குக் குழம்புவதற்குக் காரணம், கதையில் கோயில் இருக்கும், இடப்பக்க உறுப்பு இருக்காது. எல்லா உறுப்பும் கதைக்குள் வந்தாக வேண்டும்.

அங்கி (Anki) என்ற நினைவு அட்டைச் செயலியில் அட்டையின் முன்பக்கம் பொருளை வைத்து, எழுத்தைக் கையால் எழுதிப் பாருங்கள். ஒலியைத் தனியாக அல்ல, 'ஜிகான்' (நேரம்), 'கிதாய்' (எதிர்பார்ப்பு) போன்ற சொற்களோடு படியுங்கள். நாளுக்கு 10 புதிய எழுத்து என்றாலே சில வாரங்களில் மறுபார்வை 70, 100 என்று ஏறிவிடும். 8 முறை தவறிய அட்டையை அங்கியே தனியாகக் குறித்துவைக்கும்; அதை அப்படியே மீண்டும் ஓட்டாமல் கதையை மாற்றுங்கள்.