பள்ளிக்கூட கேட்டைக் கோடையிலும் திறந்து வையுங்கள்

மே மாதம் வந்துவிட்டால் போதும், "பிள்ளைங்களை ஊருக்கு அனுப்பியாச்சா?" என்று வேலை செய்யும் இடத்தில் கேட்பார்கள். வடசென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியாது. எங்களுக்கு ஊரே இதுதான். பாட்டி வீடு அடுத்த சந்தில் இருக்கிறது. அங்கேயும் இதே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இதே கத்திரி வெயில்.

நானும் இன்னும் நாலைந்து பேரும் மூன்று வருடமாகக் கோடை விடுமுறையில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு இலவச முகாம் நடத்துகிறோம். ஒரு சமுதாயக் கூடம், இரண்டு கேரம் போர்டு, கொஞ்சம் கதைப் புத்தகங்கள், வண்ணப் பென்சில்கள், பறை சொல்லித்தர வரும் ஓர் அண்ணன். அவ்வளவுதான்.

முதல் வருடம் நோட்டீஸில் "8 வயதுக்கு மேல், காலை 10 முதல் 12.30 வரை" என்று போட்டோம். முதல் நாளே ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்று வயதுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். "தம்பியை வீட்ல விட்டுட்டு வாம்மா" என்று நான்தான் சொன்னேன். போனவள் இரண்டு நாள் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பூட்டிய கதவுக்கு வெளியே, நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா வீட்டு வேலைக்குப் போய்விட்டுத் திரும்ப நாலு மணி ஆகும். தம்பியை யாரிடம் விட்டுவிட்டு வருவாள்? அன்றைக்கே வயதுக் கணக்கைப் பேனாவால் அடித்தேன். கூடத்தின் ஒரு மூலையில் பாய் விரித்துச் சின்னப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்கினோம். மறுநாளே ஏழெட்டுப் பெண் பிள்ளைகள் கூடுதலாக வந்தார்கள், ஒவ்வொருத்தியோடும் ஒரு குட்டி.

அடுத்த தவறு நேரம். 12.30-க்கு முடித்தோம் என்றால் வெயில் உச்சியில் நிற்கும்போது பிள்ளைகளை வெளியே அனுப்புகிறோம் என்று அர்த்தம். பையன்கள் நேராகக் கடலுக்குத்தான் போவார்கள், கடல் அரிப்பைத் தடுக்கப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களின் மேல். இல்லையென்றால் கன்டெய்னர் லாரிகள் போகும் சாலை. இரண்டாம் வருடம் நாலு மணி வரை நீட்டினோம். அப்புறம் சாப்பாடு போடாமல் எப்படி?

நான் சொல்ல வருவது இதுதான். எங்கள் பகுதியில் கோடை முகாம் என்றால் முதலில் நிழல், மதியச் சோறு, நாலு மணி வரை கூட இருக்கும் ஒரு பெரியவர். ஓவியமும் கைவேலையும் அதற்குப் பிறகு. போன வருடம் ஒரு நிறுவனம் ஐந்து நாள், தினமும் இரண்டு மணி நேரம் முகாம் நடத்தியது. டி-ஷர்ட் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறாம் நாள் பிள்ளைகள் காலையில் வந்து பூட்டிய கதவைத் தட்டினார்கள்.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. படகில் போகிறவர் மட்டுமில்லை, ஐஸ் ஏற்றுகிறவர், ஏலத்தில் எடுத்துக் கூடையில் விற்கிற அம்மாக்கள் என்று எல்லார் கையிலும் காசு குறையும் காலம் அது. கோடை விடுமுறையும் அதே நாட்களில்தான். பள்ளி மூடினால் காலை உணவும் கிடையாது, முட்டையோடு வந்த மதிய உணவும் கிடையாது. வீட்டில் வருமானம் குறையும் நேரம் பார்த்து, பிள்ளையின் இரண்டு வேளைச் சாப்பாடும் வீட்டின் தலையில் விழுகிறது.

1920-இலேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்ட நகரம் இது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்று 2004-இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. தடைக்காலக் கடற்கரையை அந்தக் கண்ணோடு ஏன் பார்க்கக் கூடாது?

புதிதாக எதுவும் கட்ட வேண்டாம். மாநகராட்சிப் பள்ளிகளில் மின்விசிறி இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, சத்துணவுக் கூடம் இருக்கிறது. எல்லாம் பூட்டிக் கிடக்கிறது. ஆசிரியர்களின் விடுமுறையில் கை வைக்கச் சொல்லவில்லை, அவர்களுக்கு அந்த ஓய்வு தேவை. எங்கள் தெருவிலேயே கல்லூரியில் படிக்கும் பெண்கள் இருக்கிறார்கள், கால்பந்து சொல்லித்தரும் பையன்கள் வியாசர்பாடி முழுக்க இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சம்பளம், சமைக்கும் அக்காக்களுக்கு அந்த நாட்களுக்குத் தனிச் சம்பளம். ஆதார் கார்டு, படிவம் என்று எதுவும் கேட்காமல் வருகிற பிள்ளையை உள்ளே விட வேண்டும்.

திறமையைக் கண்டுபிடிக்கத்தானே முகாம் என்று சிலர் கேட்கிறார்கள். 2024-இல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் வடசென்னைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவர் பெயரைச் சொல்லும்போது எனக்கே நெஞ்சு நிமிரும். ஆனால் அது ஐந்து நாள் முகாமில் வந்ததில்லை. வீட்டிலேயே கேரம் ஆடுகிறவர்கள், பக்கத்திலேயே பயிற்சி, பல வருட ஆட்டம். எங்கள் கூடத்தில் அந்தத் தம்பியைத் தூக்கி வந்த பெண்ணும் இப்போது நன்றாக அடிக்கிறாள். ஜூன் மாதம் கூடத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அவளுக்கு போர்டு கிடையாது.

இந்த முறை வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுக்கிறோம். ஒரே ஒரு பள்ளி, ஆறு வாரம், காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை, மதிய உணவோடு. கையெழுத்துப் போடுகிறவர்கள் கமென்டில் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்களே பேப்பரோடு உங்கள் வீட்டுக்கு வருகிறோம்.