சேனாபதி எதை இழந்தார்?

போன வாரம் டிவியில் கமல் நடித்த 'இந்தியன்' முதல் பாகம் ஓடியது. பாதியில்தான் பார்க்க ஆரம்பித்தேன், ஆனாலும் எழுந்திருக்க மனசு வரவில்லை. பார்த்து முடித்ததும், 2024 ஜூலையில் வந்த இரண்டாம் பாகத்தின் மேல் எனக்கிருந்த வருத்தம் இன்னும் கூடிவிட்டது. அதனால்தான் இவ்வளவு நாள் கழித்து இந்தப் பதிவு.

முதல் பாகம் 1996 மே மாதம் வந்தது. ஏழாவது முடித்த லீவு எனக்கு. சினிமாவுக்கே போகாத அப்பா, அந்தப் படத்துக்கு மட்டும் எங்களைக் கூட்டிப்போனார். தீக்காயத்தோடு மகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிற கதாநாயகன் சேனாபதியிடம் டாக்டர் லஞ்சம் கேட்பாரே, அந்த இடத்தில் அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். வலித்தது, ஆனால் நான் கையை எடுக்கவில்லை. தாத்தாவின் இறப்புச் சான்றிதழுக்காக அவர் ஓர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, கடைசியில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்த நாள் எனக்குத் தெரியும். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

அந்தப் படத்தின் பலமே அதுதான். வர்மக்கலையும் கத்தியும் அப்புறம்தான். சேனாபதி முதலில் தோற்றுப்போன ஒரு தகப்பன். லஞ்சம் கொடுக்கமாட்டேன் என்று நின்றதற்கு மகளின் உயிரையே விலையாகக் கொடுத்தவர். பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுத்து, பள்ளிக் குழந்தைகள் சாகக் காரணமானவன் சொந்த மகன் சந்துரு என்று தெரிந்ததும், அவனையும் விடமாட்டார். அதற்கு மேல் அவரிடம் இழக்க என்ன இருந்தது? அதனால்தான் அவர் பேசுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் கனம் இருந்தது. சுஜாதாவின் வசனமும் அதை அளவோடு சொன்னது.

இரண்டாம் பாகத்தில் சேனாபதி என்ன இழக்கிறார்? எதுவும் இல்லை. தைபேயிலிருந்து வருகிறார், நேரலையில் பேசுகிறார், உங்கள் வீட்டு அழுக்கை நீங்களே சுத்தம் செய்யுங்கள் என்கிறார். அதைக் கேட்டு அப்பாவைக் காட்டிக்கொடுப்பது சித்தார்த்தின் பாத்திரம். அதன் விளைவாக அம்மாவையும் பறிகொடுக்கிறான். நியாயமாகப் பார்த்தால் இதுதான் கதை! ஒரு கிழவரின் சொல்லை நம்பி ஒரு பையனின் வீடே சிதைகிறது. அவன் அவர் முன்னால் நின்று கேள்வி கேட்டால் அவர் என்ன சொல்வார்? அந்த ஒரு காட்சியை முழுசாக எழுதியிருந்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன். படமோ அதை விட்டுவிட்டு ஒற்றைச் சக்கர வண்டித் துரத்தலுக்கு ஓடிவிடுகிறது.

வில்லன்களும் அப்படித்தான். தங்கத்தில் இழைத்த மாளிகையில் இருக்கும் கோடீஸ்வரன்மேல் எனக்கு எப்படிக் கோபம் வரும்? அவன் மேசைக்கு முன்னால் நான் நின்றதே இல்லையே. முதல் பாகத்தில் வந்த ஒவ்வொரு ஆளையும் எங்கள் ஊரிலேயே பார்த்திருந்தோம்.

இதைக் கோபத்தில் எழுதவில்லை. ஐந்து வருடத்துக்கும் மேலான உழைப்பு அது. 2020 பிப்ரவரியில் படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் உயிரே போனது. கமலோடு நடிக்க வேண்டும் என்று விவேக் எத்தனை காலம் ஆசைப்பட்டார்! அந்த ஆசை நிறைவேறிய படம் திரைக்கு வந்தபோது அவர் இல்லை. நெடுமுடி வேணுவும் இல்லை. அவர்கள் முகம் தெரிந்தபோது தியேட்டரில் எழுந்த கைதட்டலில் என் கண்ணும் கலங்கியது. இத்தனையையும் கொட்டிய படத்துக்குக் கதை இன்னும் உறுதியாக இருந்திருக்க வேண்டாமா? ரிலீஸுக்குப் பிறகு 12 நிமிடம் வெட்டினார்கள். நீளமா பிரச்சினை? மனசில் தைக்கிற மாதிரி ஓர் இழப்பு இருந்தால் மூன்று மணி நேரம் போனதே தெரியாது.

இரண்டாம் பாகத்துக்கும் அப்பாவைக் கூட்டிப்போயிருந்தேன். இடைவேளைக்குக் கொஞ்ச நேரம் முன்பு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துச் சட்டைப் பையில் வைத்தவர், அதற்குப் பிறகு எடுத்து மாட்டவே இல்லை. கடைசியில் மூன்றாம் பாகத்தின் முன்னோட்டம் ஓடியது. சுதந்திரப் போராட்ட காலத்துக் கோலத்தில் கமல் வந்தார். "அப்பா, கண்ணாடியப் போடுங்க" என்றேன். "போதும்ப்பா, வீட்டுக்குப் போலாம்" என்று எழுந்துவிட்டார்.